அறுமீன்: ஆறா, ஏழா?

கார்த்திகை என்று இன்று நாம் சொல்லும் நட்சத்திரக் கூட்டத்துக்குச் சங்கப் பாட்டில் அறுமீன் என்று பெயர். நிறைமதி அறுமீனைச் சேரும் நள்ளிரவையும், அன்று தெருவில் விளக்கேற்றி எடுத்த விழாவையும் நக்கீரர் அகநானூறு 141ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். வடமொழியில் இக்கூட்டம் கிருத்திகா. அதனருகே முழுநிலா நிற்கும் மாதம் கார்த்திகம். தமிழ் இரண்டுக்கும் கார்த்திகை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. அறுமீன் ஏட்டோடு நின்றுவிட்டது. எனக்கு அந்தப் பழைய பெயர்மேல்தான் பிரியம். பார்த்தவன் எண்ணியதை அப்படியே சொல்கிற பெயர் அது.

நீரில் நீந்துவதும் மீன், வானில் மின்னுவதும் மீன். இந்த இரட்டைப் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் ஹெராஸ் பாதிரியாரும், பின்னர் ஃபின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலாவும் சிந்து முத்திரைகளின் மீன் குறியை வாசிக்க முயன்றார்கள். ஆறு கோடுகளோடு மீன் வந்தால் அறுமீன். ஏழு கோடுகளோடு வந்தால் எழுமீன், அதாவது சப்தரிஷி மண்டலம். சிந்து எழுத்தின் புதிர் இன்னும் அவிழவில்லை. ஆனால் எண்ணிப் பெயர் வைக்கும் வழக்கம் தமிழில் இருந்தது என்பதற்கு நற்றிணையில் வரும் எழுமீனே சாட்சி.

எண்ணிக்கையில் வடமொழி மரபுக்குள்ளேயே இரண்டு கணக்கு உண்டு. முருகனுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். தைத்திரீய வேதமோ கிருத்திகைகளுக்கு ஏழு பெயர் சொல்கிறது. அவற்றில் அப்ரயந்தி, மேகயந்தி, வர்ஷயந்தி என்ற மூன்றும் மேகமும் மழையும் பற்றியவை. மானாவாரியை நம்பி விதைக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல்காட்டில் இதை விளக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பொழுது சாய்ந்ததும் இந்தக் கூட்டம் கிழக்கே ஏறும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான்.

ஆறா ஏழா என்பதைக் கண்ணால் பார்த்தே தீர்க்கலாம். திருச்சுழிக் கண்மாய்க் கரையில் நின்றால் அருப்புக்கோட்டை வெளிச்சம் மேற்கே முதுகுப்பக்கம் போய்விடும். திருக்கார்த்திகை அன்று மட்டும் வேண்டாம். பெயர் தந்த அந்த நிலவே மீன்களை மங்கடித்துவிடும். தை பிறந்தபின், நிலவில்லாத இரவில், எட்டு மணிவாக்கில் கூட்டம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதே சுகம்.

இதற்குப் பெரிய தொலைநோக்கி தோதுப்படாது. கூட்டத்தின் அகலம் ஏறக்குறைய 2 டிகிரி. பெரிய கருவிக்குள் அது முழுசாக அடங்காது. 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும். ஐம்பதை ஏழால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். வயதானவர்களின் கண்மணி இருட்டிலும் அவ்வளவு விரியாது; அவர்களுக்கு 5 மில்லிமீட்டர் தரும் 10×50 பொருந்தும். ஆனால் பத்து மடங்கில் கை நடுக்கமும் கூடும், முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். கரிசல் புழுதி படிந்த லென்ஸைத் துண்டால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, மென்தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகே துணி. அடைமழைக் காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைத்தால் பூஞ்சை அண்டாது.

பைனாகுலரில் முதலில் கண்ணில் படுவது நடுவே பளிச்சென்ற அல்சயோனி. அதன் பக்கத்தில் மூன்று பொடி மீன்கள் சின்ன முக்கோணமாக நிற்கும். 1610இல் கலிலியோ இதே கூட்டத்தில் நாற்பதுக்கு மேல் கண்டு, 36 மீன்களை வரைந்து அச்சிட்டார். நமக்கு வேண்டிய விடை கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கே அட்லஸ், அதற்குச் சற்று வடக்கே ஒட்டினாற்போல் பிளையோனி. வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றாகவே தெரியும் இரண்டும் பைனாகுலரில் தனித்தனியாகப் பிரியும். ஆறு என்றவரும் ஏழு என்றவரும் பார்த்துத்தான் சொன்னார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பிளையோனியின் ஒளியும் ஒரே சீராக நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்லக் கூடும், குறையும்.