டிஜிட்டல் கேமரா: தொடக்கநிலைப் பயிற்சி

லென்ஸ் வழியாக வரும் ஒளியை மின்சாரமாக்கி, எண்களாகச் சேமித்து வைக்கும் கருவி டிஜிட்டல் கேமரா. படத்தின் வெளிச்சத்தையும் கூர்மையையும் நிறத்தையும் கருவியின் ஊகத்துக்கு விட்டுவிடாமல், எடுப்பவரே முடிவு செய்யத் தொடங்குவதுதான் கேமரா பழகுவது. அதற்கு வேண்டிய அடிப்படைகள் கைவிரலுக்குள் அடங்கும். தொடக்கநிலையாளரை மிரட்டுவது நீண்டுகொண்டே போகும் மெனுதான். அதில் பெரும்பகுதியை முதல் சில மாதங்களுக்குத் தொடவே தேவையில்லை.

கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் 1975-இல் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா ஏறத்தாழ 3.6 கிலோ எடை இருந்தது. 100-க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிய அது 23 வினாடி எடுத்துக்கொண்டது. இன்று தொடக்கநிலைக் கேமராக்களிலேயே 6000-க்கு 4000 புள்ளிகள், அதாவது 24 மெகாபிக்சல், சாதாரணம். ஒளியை மின்சாரமாக்கும் சென்சாருக்கு நிறம் தெரியாது, ஒளியின் அளவு மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒரு வடிகட்டியை வைக்கிறார்கள். பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. கோடக்கிலேயே வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்புதான் பெரும்பாலான கேமராக்களில் இன்றும் இருக்கிறது. விடுபட்ட நிறங்களைக் கேமரா கணக்குப் போட்டு நிரப்புகிறது.

படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை மூன்று: அப்பர்ச்சர் எனும் லென்ஸின் துளை, ஒளி உள்ளே விழும் நேரத்தைக் குறிக்கும் ஷட்டர் வேகம், பதிந்த ஒளியை எவ்வளவு பெருக்குவது என்பதைக் குறிக்கும் ஐஎஸ்ஓ. எஃப் என்று குறிக்கப்படும் துளையின் எண்தான் பலரைக் குழப்புகிறது. எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண் அது என்று தெரிந்துவிட்டால் குழப்பம் தீரும். 50 மிமீ லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மிமீ, எஃப் 8 என்றால் சுமார் 6 மிமீ. 2, 2.8, 4, 5.6, 8, 11 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் ஒளி பாதியாகிறது. ஷட்டரில் 1/125 வினாடியிலிருந்து 1/250-க்குப் போனாலும் பாதிதான். ஐஎஸ்ஓவை 100-இலிருந்து 200 ஆக்கினால் படம் இரு மடங்கு வெளிச்சமாகும். ஆகவே எஃப் 8, 1/125, ஐஎஸ்ஓ 100 என்று எடுத்த படமும் எஃப் 5.6, 1/500, ஐஎஸ்ஓ 200 என்று எடுத்த படமும் வெளிச்சத்தில் ஒன்றே.

வேறுபாடு மற்றவற்றில் தெரியும். துளை பெரிதானால் முகம் மட்டும் கூர்மையாகப் பதிந்து பின்னணி கலங்கிப்போகும். ஷட்டர் வேகமானால் அசைவு உறைந்து நிற்கும். ஐஎஸ்ஓவை மிகவும் ஏற்றினால் படத்தில் பொடிப்பொடியாக இரைச்சல் தெரியும். ஆனாலும் ஆடி மங்கிய படத்தைவிட இரைச்சல் உள்ள படம் எவ்வளவோ மேல். இருட்டில் ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்கக் கூடாது.

எடுத்த எடுப்பில் மேனுவல் முறையில்தான் பழக வேண்டும் என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் துளை, வேகம், ஐஎஸ்ஓ மூன்றையும் ஒரே நேரத்தில் திருப்பிப் பார்ப்பவருக்கு எதனால் என்ன மாறியது என்பதே பிடிபடாது. அப்பர்ச்சர் முன்னுரிமை முறைதான் நல்ல தொடக்கம். நிக்கான், சோனி கேமராக்களில் இது 'ஏ', கேனானில் 'ஏவி'. துளையை எடுப்பவர் வைப்பார், ஷட்டர் வேகத்தைக் கேமரா பொருத்திக்கொள்ளும். அந்த வேகத்தின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். கேமராவுடன் வழக்கமாக வரும் 18-55 மிமீ லென்ஸை 55-இல் வைத்து எடுக்கும்போது 1/80-க்குக் கீழே இறங்கினால் கை நடுக்கம் படத்தில் தெரியத் தொடங்கும். அதிர்வு தடுப்பு வசதி கை நடுக்கத்தைத்தான் அடக்கும். ஓடும் குழந்தையை அது நிறுத்தி வைக்காது.

தொடக்கநிலையாளர் மிக அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் ஒளி அளவீடு. எதிரே இருப்பது எருமையா கொக்கா என்று கேமராவின் ஒளிமானிக்குத் தெரியாது. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிற வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சட்டகம் நிறையக் கறுத்த எருமையை எடுத்தால் அது வெளிறிப்போவதும், வெள்ளைச் சுவரை எடுத்தால் சுவர் அழுக்காகத் தெரிவதும் இதனால்தான். இதைத் திருத்தவே கூட்டல் கழித்தல் குறி போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பொத்தான் இருக்கிறது. வெள்ளைச் சுவருக்கு ஒரு படி கூட்ட வேண்டும், எருமைக்கு ஒரு படி குறைக்க வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் இந்தப் பாடம் இன்னும் ஒரு திருப்பம் எடுக்கிறது. ஏரி மரங்களில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக் கொக்கு 55 மிமீ லென்ஸில் மிகச் சிறியதாகத்தான் விழும். சட்டகத்தின் பெரும்பகுதி இருண்ட இலைகள். கேமரா அந்த இலைகளை நம்பி வெளிச்சத்தைக் கூட்ட, கொக்கின் இறகு விவரமே இல்லாத வெள்ளைத் திட்டாகிவிடும். இங்கே ஒரு படியோ அதற்கு மேலோ குறைக்க வேண்டும். அதே கொக்கை நீண்ட லென்ஸால் சட்டகம் நிறைய எடுத்தால் கூட்ட வேண்டியிருக்கும். பறவை ஒன்றுதான், பின்னணி மாறுவதால் விடை தலைகீழாகிறது. எடுத்தவுடன், படத்தின் இருண்ட பகுதிகளை இடப்பக்கமும் வெளிச்சமான பகுதிகளை வலப்பக்கமும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். அது வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் வெள்ளைப் பகுதியின் விவரம் போய்விட்டது என்று பொருள். வெயிலில் திரையின் வெளிச்சம் ஏமாற்றும், வரைபடம் ஏமாற்றாது.

கூர்மையில் நேரும் பிழைகளில் பல, ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுப்பதால் வருபவை. முன்னால் ஆடும் கிளையில் அது போய் நின்றுவிடும். ஒரே ஒரு புள்ளியை வைத்து, அதைப் படத்தில் உள்ளவரின் கண்ணின் மேல் பொருத்தி, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸ் ஆனபின் முழுதாக அழுத்த வேண்டும். வியூஃபைண்டரில் எழுத்துகளே மங்கலாகத் தெரிந்தால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருக்கும் சிறு சக்கரத்தைத் திருப்பிப் பார்வைக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ளலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஒளியின் நிறச்சாயலைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பெரும்பாலும் போதும். அந்திவானத்தின் செம்மையை மட்டும் அது குறைத்துவிடக்கூடும், அப்போது பகல் வெளிச்ச அமைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக்குடன் சேர்த்து, சென்சாரின் மூலத் தரவான ரா கோப்பையும் சேமித்தால் நிறத்தைப் பின்னரும் திருத்தலாம். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான், 14 பிட் ரா கோப்பில் 16,384.

படங்களைக் கணினிக்கு மாற்றிய பிறகு மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்வது பாதுகாப்பு. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். தோல் பையில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்த வேண்டும். பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், சுத்தம் செய்த பிறகும் அந்தத் தடம் போகாது.