தங்கவயலின் சோறும் நீரும்

கோலாரில் 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வடஆர்க்காட்டுத் தமிழர்கள் பெருமளவில் அங்குக் குடிபெயர்ந்தனர். அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஐரோப்பிய அலுவலர்களின் உணவும் மதுவும் கிளப்பில் பரிமாறப்பட்டன. தொழிலாளருக்கோ ‘லைன்’ எனப்பட்ட வரிசை வீடுகளின் அடுப்பும் ராபர்ட்சன்பேட்டைச் சந்தையுமே வாய்த்தன. ஆயினும் நகரின் குடிநீர் ஒன்றே: பேத்தமங்கலம் ஏரியில் தேக்கப்பட்ட பாலாற்று நீர். கீழே வடஆர்க்காட்டை வளப்படுத்தும் ஆறும் அதுவே. ஊரை விட்டு வந்தோர் ஊராற்றின் நீரையே மேட்டுநிலத்தில் அருந்தினர்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று பலர் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இந்நகரின் உணவு வரலாற்றை எழுதுவோர் கிளப் மேசையோடு நின்றுவிடலாகாது. லைன் வீட்டு அடுப்பும் வரலாற்றுச் சான்றே.