பெரிக் பாரக்ஸ்: ஊரார் கேட்டு வாங்கிய பட்டாளக் கட்டடம்

ட்வீட் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் சந்தை ஊர் பெரிக். இங்கிலாந்தின் வடகோடி. 1482-ல் கடைசியாக ஆங்கிலேயர் வசமாகும் வரை, ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே பதின்மூன்று முறை கைமாறியது என்பார்கள். அப்படிப்பட்ட எல்லை ஊரில் பட்டாளம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. அது எங்கே தங்குவது என்பதில்தான் தகராறு.

நிரந்தரப் படை என்றாலே அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு ஆகாது. படைக்கென்று தனிக் கட்டடம் எழுப்பினால் அரசனின் கை ஓங்கிவிடும் என்று பயந்தார்கள். ஆகவே சிப்பாய்கள் சத்திரங்களிலும் வீடுகளிலும் தங்கினார்கள். சுமை ஊரார் தலையில் விழுந்தது. அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் ஆதரவாளர்களான ஜேக்கபைட்டுகளின் கலகம் 1715-ல் வெடித்தபின் முறையீடுகள் வலுத்தன. 1717-ல் பாரக்ஸ் கட்டும் வேலை தொடங்கி, 1721-ல் சிப்பாய்கள் குடியேறினார்கள். இங்கிலாந்தில் படைக்கென்றே எழுந்த முதல் பாரக்ஸ்களில் இதுவும் ஒன்று. வரைபடம் கட்டடக் கலைஞர் நிக்கோலஸ் ஹாக்ஸ்மூருடையது என்பது பொதுவான கருத்து. பெரிக்கின் கோட்டைச் சுவர்களைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், குடிமக்களின் குறை தீர்க்க எழுந்த இந்தக் கட்டடத்துக்குத்தான் முதல் மரியாதை.

முற்றத்தின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு நீளக் கட்டடங்கள். வாயிலின் மேல் முதலாம் ஜார்ஜ் மன்னரின் அரச சின்னம். 600 சிப்பாய்களும் 36 அதிகாரிகளும் தங்க இடம். ஓர் அறைக்கு எட்டுப் பேர், ஒரு கட்டிலுக்கு இருவர். குளிர் காய்வதும் சமைப்பதும் ஒரே கணப்பில். மணமான சிப்பாய் என்றால், அதே அறையின் மூலையில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டி மனைவியோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். மூன்றாம் பக்கத்தில் உள்ள மணிக்கூண்டுக் கட்டடம் 1740-ஐ ஒட்டி வந்தது.

1881-ல் இது கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸ் படைப்பிரிவின் தலைமையிடமாயிற்று. 1689-ல் எடின்பரோவில் திரட்டப்பட்ட ஸ்காட்லாந்துப் படைக்கு இங்கிலாந்து ஊரில் தாய்வீடு! நமக்கும் ஒரு தொடர்பு உண்டு: இந்தப் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாலியன் 1944-ல் பர்மாவின் ஆரக்கான் முனையில் 7-ஆவது இந்திய டிவிஷனில் சேர்ந்து, பஞ்சாப், கூர்க்கா வீரர்களோடு ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டது.

1960-களின் முற்பகுதியில் சிப்பாய்கள் இங்கிருந்து வெளியேறினாலும், படைப்பிரிவின் தலைமையிடம் இங்கேயே தொடர்ந்தது. 2006-ல் அந்தப் படைப்பிரிவே ராயல் ஸ்காட்ஸோடு இணைக்கப்பட்டது. கட்டடம், பழஞ்சின்னங்களைக் காக்கும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பராமரிப்பில் அருங்காட்சியகமாயிற்று. கிளாஸ்கோ கப்பல் முதலாளி வில்லியம் பர்ரெல் ஊருக்கு அளித்த ஓவியங்களுக்கும் இதுவே இடமானது. பழைய உடற்பயிற்சிக் கூடம் கலைக்கூடமாயிற்று.

லண்டன்–எடின்பரோ ரயிலில் போகும் அன்பர்கள் பெரிக்கில் இறங்கினால், நடந்தே போய்ப் பார்க்கலாம். திறந்திருக்கும் நாட்களை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.