கம்பத்தில் கட்டிய குரல்

ஒருபுறம் மேற்கு மலைத்தொடரும் மறுபுறம் வருஷநாட்டுக் குன்றுகளும் வேலியிட்டாற்போல் நிற்க, நடுவே பெரியாற்றுத் தண்ணீரால் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நஞ்சையும், அதை அடுத்துத் திராட்சைப் பந்தல்களும் வாழைத் தோட்டங்களும் பரந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், வானொலி முதலில் வீட்டுப் பொருளாக வரவில்லை. ஊர்ப் பொருளாகவே வந்தது. 1996இல் தேனி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு வெகுகாலம் முன்பு, எல்லாம் மதுரை ஜில்லாவாக இருந்த நாளிலே, மந்தையை ஒட்டிய ஒரு சிறு கட்டடத்தில் பஞ்சாயத்து ரேடியோ பூட்டி வைக்கப்பட்டிருக்கும். வெளியே நட்ட கம்பத்தின் உச்சியில் ஊமத்தம்பூவை விரித்தாற்போல ஒலிபெருக்கி தொங்கும். சாயங்காலம் சிப்பந்தி சாவியோடு வந்து கதவைத் திறந்தால், களத்திலிருந்து திரும்பியவர்கள் துண்டை உதறிப் போட்டு உட்காருவார்கள். குமிழைத் திருகும் பாத்தியதை அவர்களுக்கு இல்லை. சிப்பந்தி வைத்ததே நிலையம், நிலையம் சொன்னதே சமாசாரம். “ரேடியோவிலேயே சொல்லிட்டாங்க” என்ற ஒரு வாக்கியம் மந்தையில் எந்தத் தர்க்கத்தையும் முடித்து வைக்கப் போதுமானதாயிருந்தது.

இத்தகைய விசுவாசத்தைப் பெற்ற ஸ்தாபனம் யாருக்கு ஜவாப்தாரி என்ற கேள்வி அந்நாளில் எவருக்கும் தோன்றவில்லை. பி.பி.சி.யிலிருந்து 1935இல் வந்து, அடுத்த ஆண்டிலேயே அகில இந்திய வானொலி என்று அதற்குப் பெயர் சூட்டிய லயனல் ஃபீல்டன், தாம் விட்டு வந்த லண்டன் ஸ்தாபனத்தைப் போன்ற ஒன்றை இங்கே எழுப்ப ஆசைப்பட்டார். எழும்பியதோ சர்க்கார் இலாகா. 1939இல் திருச்சி நிலையமும் 1963இல் திருநெல்வேலி நிலையமும் வந்தபோதும், சுதந்திர இந்தியா அந்த அமைப்பை மாற்றாமல், மந்திரியை மட்டும் மாற்றிக்கொண்டே போயிற்று. மந்திரியின் ருசி வானொலியின் ருசியாயிற்று. கேஸ்கர் என்ற மந்திரி 1950களில் சினிமாப் பாட்டுக்கு வாசலைச் சாத்த, நாட்டின் காது இலங்கைப் பக்கம் திரும்பியதும், அதைத் திருப்பிக் கொண்டுவர 1957இல் விவித பாரதி பிறக்க நேர்ந்ததும் பலரும் அறிந்த கதை. பாட்டுக்காக வேறு நிலையத்துக்குப் போகப் பழகிய காது, பின்னாளில் செய்திக்காகவும் போகும் என்பதை அதிகாரிகள் ஊகிக்கவில்லை.

1975 ஜூன் 26ஆம் தேதி காலையில் அவசரநிலைப் பிரகடனத்தைப் பிரதம மந்திரியின் குரலிலேயே வானொலி அறிவித்தது. இரண்டொரு நாளில் குஜ்ரால் வகித்த செய்தி ஒலிபரப்பு இலாகா வித்யாசரண் சுக்லாவின் கைக்குப் போயிற்று. ஜெயப்பிரகாஷ் நாராயணன் முதலானோர் சிறையில் இருந்தனர். அவர்கள் தரப்பு நியாயத்துக்கு ஒலிபெருக்கியில் இடமில்லை. இருபது அம்சத் திட்டத்துக்கு மட்டும் ஓய்வே இல்லை. ஆனால் அதற்குள் பள்ளத்தாக்கில் டிரான்ஸிஸ்டர் பரவத் தொடங்கியிருந்தது. பொத்தல் போட்ட தோலுறைக்குள் அடங்கிய அந்தச் சின்னப் பெட்டியை வரப்பில் வைத்து, ஏரியல் கம்பியை மலையில்லாத திக்காகப் பார்த்து நீட்டினால், கரகரப்புக்கு நடுவே இலங்கையும் கேட்கும், இரவில் லண்டன் தமிழோசையும் கேட்கும். குமிழ் சிப்பந்தியின் கையிலிருந்து குடியானவன் கைக்கு வந்துவிட்டது. என் அபிப்பிராயத்தில், நம் நாட்டு ஒலிபரப்பில் நடந்த பெரிய சீர்திருத்தம் அதுதான். எந்தக் கமிட்டியும் அதைச் சிபாரிசு செய்யவில்லை.

இனி 1979 மார்ச் 22. இரண்டாம் போகத்து அறுவடைக் காலம். பம்பாய் ஜஸ்லோக் ஆஸ்பத்திரியில் நோயுற்றுக் கிடந்த ஜெயப்பிரகாஷ் நாராயணன் காலமாகிவிட்டார் என்று பிரதம மந்திரி மொரார்ஜி தேசாய், தமக்கு எட்டிய தகவலை நம்பி, பார்லிமெண்டில் அறிவித்தார். சபை ஒத்திவைக்கப்பட்டது, வானொலி அதை நாடெங்கும் ஒலிபரப்பித் தன் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்தியது, பள்ளிகளும் கடைகளும் அடைக்கப்பட்டன. அவரோ உயிரோடு இருந்தார். அவசரநிலையில் எந்த மனிதரை வானொலி மக்கள் காதிலிருந்து மறைத்து வைத்ததோ, அந்த மனிதரை, அவருடைய ஆசியோடு பதவிக்கு வந்த ஆட்சியின் காலத்தில், அதே வானொலி கொன்றுவிட்டது! ஆஸ்பத்திரிக்கு ஒரு டெலிபோன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் சொன்னவர் பிரதம மந்திரி. வானொலி அவருடைய சர்க்காரின் இலாகா. எஜமானர் சொன்ன மரணத்தைச் சிப்பந்தி எப்படிச் சரிபார்ப்பான்? செய்தி ஆசிரியர் டைரக்டர் ஜெனரலுக்கும், அவர் மந்திரிக்கும், மந்திரி பிரதமருக்கும் ஜவாப்தாரி என்று ஏணி போய் முடியுமிடத்திலேயே பிழை பிறந்திருந்தது. கேட்டவர்களோ அந்த ஏணியில் எந்தப் படியிலும் இல்லை; ரேடியோ வைத்திருந்தவர்கள் வருஷந்தோறும் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்டியதற்கு அர்த்தம் என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சில வாரம் கழித்து விஷயத்தைச் சொன்னபோது ஜெயப்பிரகாஷ் புன்னகை செய்தாராம். அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் தேதி பாட்னாவில் அவர் மெய்யாகவே காலமானார்.

அன்று இல்லாத மரணத்தைச் சொன்னது ஒரு பிழையென்றால், 1984 அக்டோபர் 31இல் நேர்ந்துவிட்ட மரணத்தைச் சொல்லாமல் வைத்திருந்தது அதன் மறுபக்கம். காலையில் சுடப்பட்ட இந்திரா காந்தி இறந்த செய்தியை பி.பி.சி. பிற்பகலிலேயே சொல்லிவிட, ஆகாசவாணி மாலை வரை காத்திருந்தது. வங்காளத்தில் சுற்றுப்பயணத்திலிருந்த ராஜீவ் காந்தியே தம் தாயாரின் கதியை அறிய அந்நிய வானொலியைத் திருப்ப வேண்டியிருந்தது.

இந்த இரண்டு பாடங்களும் பள்ளத்தாக்கின் வாசலிலேயே உடனே பரீட்சைக்கு வந்தன. நியூயார்க் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் சிகிச்சையிலிருந்த எம்.ஜி.ஆர்., அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தலுக்கு ஆண்டிப்பட்டித் தொகுதியில் வேட்பாளர். அவர் இல்லை என்ற வதந்தி ஊரூராக நடந்தது. வானொலி என்ன சொன்னாலும் அது போதுமென்று அவருடைய கட்சிக்காரர்களே எண்ணவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்து சாப்பிடுவதைப் படமெடுத்து, வீடியோ நாடாவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள். ஒலிபெருக்கிக் கம்பத்தின் சொல்லே பிரமாணமாக இருந்த சீமையில் இப்போது கண்ணால் கண்டதே சாட்சியாயிற்று. தொகுதியில் கால் வைக்காமலே அவர் ஜெயித்தார்.

சர்க்கார் இலாகாவாக இருந்த வானொலிக்கு வர்கீஸ் கமிட்டி 1978இல் கேட்ட சுயாதீனத்தை பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் எழுத்தில் தந்தது; அமலுக்கு வர 1997 ஆயிற்று. அப்போது பிரதமராக இருந்தவர் 1975இல் அந்த இலாகாவை இழந்த அதே குஜ்ரால் என்பது சரித்திரத்தின் சின்ன வேடிக்கை. ஆயினும் சம்பளப் பணம் சர்க்கார் கஜானாவிலிருந்தே வருகிறது. ஃபீல்டன் விட்டு வந்த வீடு மட்டும் குற்றமற்றதா என்றால், இல்லை. ஈராக் விவகாரத்தில் அதன் செய்தியொன்று நிற்கவில்லை என்று 2004 ஜனவரியில் ஹட்டன் பிரபு தீர்ப்புச் சொன்னார். தலைவர் அன்றே விலகினார், டைரக்டர் ஜெனரல் மறுநாள் விலகினார். 2025 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதியின் பிரசங்கத்தைப் பிழையாக வெட்டி ஒட்டியதற்காக இன்னொரு டைரக்டர் ஜெனரலும் செய்தித் தலைவியும் பதவி துறந்தார்கள். அங்கும் பிழைக்குப் பஞ்சமில்லை. பிழைக்குப் பிறகு நாற்காலி காலியாகிறது.

பள்ளத்தாக்கில் வானொலி இன்னும் ஒலிக்கிறது. கொடைக்கானல் பண்பலை மலையுச்சியிலிருந்து தெளிவாகவே விழுகிறது. அரசியல் செய்தி வரும்போது டீக்கடையில் பேச்சு நிற்பதில்லை. பெரியாறு அணை மட்டம் இத்தனை அடி, வைகை அணை மட்டம் இத்தனை அடி என்று ஆரம்பித்தால், கிளாஸைப் பிடித்த கை சற்று நிற்கும். அதையும் அவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. லோயர் கேம்ப் பக்கம் போய்த் திரும்பும் பஸ் கண்டக்டரிடம், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார்கள்.