வாஷிங்டனும் திப்பு சுல்தானும்

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் வெளியுறவுக் கொள்கையை உங்கள் பிள்ளைகளுக்கு விளக்க, நம் சேலம், நாமக்கல் மண்ணின் வரலாறே துணை நிற்கும்.

ஆங்கிலேயரை எதிர்த்த அமெரிக்காவுக்கும் மைசூருக்கும் பிரான்சே நட்பு நாடு. 1782இல் பென்சில்வேனியாவின் போர்க்கப்பலொன்று ஹைதர் அலியின் பெயரையே தாங்கியிருந்தது. 1783இல் ஐரோப்பாவில் சமாதானம் மலர்ந்தது. அமெரிக்காவின் விடுதலை உறுதியாயிற்று; மங்களூர் முற்றுகையில் திப்புவுடன் நின்ற பிரெஞ்சுப் படையோ விலகிக்கொண்டது. 1788இல் திப்புவின் தூதர்கள் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியைச் சந்தித்தும், எதிர்பார்த்த படையுதவி கிட்டவில்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி அவர் நாட்டில் பாதியை இழந்தார். மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்பினார். சேலமும் நாமக்கல்லும் கம்பெனியார் வசமாயின.

மறு ஆண்டு பிரான்சும் பிரிட்டனும் மோதின. பிரான்சுடன் 1778ஆம் ஆண்டு உடன்படிக்கை இருந்தும், வாஷிங்டன் நடுநிலையை அறிவித்தார். 1796இல் விடைபெறுகையில், அந்நிய நாடுகளுடன் நிரந்தரக் கூட்டணி வேண்டாமென எச்சரித்தார்.

வாஷிங்டனுக்குப் பெருங்கடல் அரணாயிருந்தது. திப்புவுக்கோ எதிரி வாசலிலேயே நின்றான். ஆகவே நடுநிலை அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் பாடம் ஒன்றே: நாடுகள் தம் நலன் கருதியே நட்புப் பாராட்டும். சங்ககிரிக் கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இதனையும் எடுத்துரையுங்கள்.