ஏ40உம் மண்ணெண்ணெயும்: தடைக்காலத்தின் ஒரு கராச் வரலாறு

யாழ்ப்பாணத்தின் தொண்ணூறுகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். தாக்குதல்கள் பற்றி, பேச்சுவார்த்தைகள் பற்றி, இடப்பெயர்வு பற்றிக் கவிதைகள் உண்டு, அறிக்கைகள் உண்டு, காலந்தாழ்த்திய சுயவிமர்சனங்களும் உண்டு. ஆனால் அந்த வருடங்களில் ஒரு சமூகம் எதில் ஏறிப் போய் வந்தது என்ற கேள்வி நமது வரலாற்றெழுத்துக்குள் நுழைவதேயில்லை. சைக்கிளைப் பற்றியாவது நாலு வரி கிடைக்கும். காரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் 'அது மேட்டுக்குடி விவகாரம்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் பாதி உடன்படுகிறேன். மற்றப் பாதிக்காகத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

என் மாமாவின் கராச் என்பது ஒரு வேப்பமரமும் அதன்கீழ் ஒரு கிடுகுக் கொட்டிலுந்தான். அவருடைய ஒஸ்ரின் ஏ40 சோமசெற் அங்கேதான் நிற்கும். ஊராருக்கு அது 'ஏ போட்டி'. 1993, 94இல் எனக்கு ஆறு வயதுக்குள். சேலைன் குழாயில் கட்டித் தொங்கவிட்ட சின்னப் போத்தலும், அதிலிருந்து சொட்டுச் சொட்டாய்க் கபிறேற்றருக்குள் இறங்கும் பெற்றோலும், முன்னால் குனிந்து ஹான்டிலைச் சுழற்றும் மாமாவின் முதுகும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. இயந்திரம் சூடேறியதும் போத்தலின் குழாயை நெரித்துப்பிடித்து, மண்ணெண்ணெய்த் தாங்கியின் குழாயைத் திறந்துவிடுவார். வெள்ளைப் புகையும் கண் எரியும் மணமும் எழும். பிறகு கார் ஓடும்.

1990 யூனில் யுத்தம் மறுபடி தொடங்கியபின் வடக்கின்மீது இறுகிய பொருளாதாரத் தடையின் கீழ் பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் என்று ஒரு நீண்ட பட்டியலே தடைப்பட்டது. மின்சாரமும் போயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் அளவாக உள்ளே வந்தது. ஆக, நமது கதையில் வரும் 'கண்டுபிடிப்பு' எதுவும் ஆர்வத்தில் பிறந்ததல்ல. ஓர் அரசாணையின் மறுபக்கம் அது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இப்போது 'எங்கட ஆக்களின்ர மூளை' என்ற பெருமிதப் பேச்சில் தடையே மறைந்துபோகிறது, மூளை மட்டும் மிஞ்சுகிறது.

ஏன் அந்தக் கார்கள்? சோமசெற் இங்கிலாந்தில் 1952 முதல் 54 வரைதான் உற்பத்தியானது. மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை. இவை இலங்கையில் இவ்வளவு காலம் உயிரோடிருந்ததற்குக் காதல் காரணமல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியோடு இறக்குமதி இறுக்கப்பட்டது. இருப்பதைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் கொழும்பில் யப்பானியக் கார்கள் நிறைந்தன. வடக்கில் அந்த மாற்றம் முழுமையடையுமுன் யுத்தம் வந்து குறுக்கே நின்றது.

இன்னொரு விஷயம். மாமாவின் காரின் இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்துகளே இருந்தன. சிறுவயதில் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். 1957இலிருந்துதான் வாகன இலக்கத்தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' புகுத்தப்பட்டது. அதைத் தார் பூசி அழித்தும் தமிழ் எழுத்தைப் பொறித்தும் நடந்த எதிர்ப்பு, அதற்கு எதிராகத் தெற்கில் நடந்த தார்ப்பூச்சு, 1958 கலவரம் என்று அந்தச் சரித்திரம் நமக்குத் தெரிந்ததுதான். சோமசெற் அதற்கு முந்தியது. ஒரு தகரத்துண்டுக்குள் இவ்வளவு இருக்கிறது. நாம் பிரதி, பிரதி என்று கவிதையை மட்டுமே வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

தொழில்நுட்பத்துக்கு வருவோம். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் லேசில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றாது. அதனால்தான் அந்தச் சொட்டுப் பெற்றோல். பழைய ஒஸ்ரின், மொறிஸ் இயந்திரங்களில் காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியபடி இருக்கும். புகையின் சூடு உள்ளே போகும் கலவையையும் சூடாக்கும். சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு. அழுத்தம் கூடினால் மண்ணெண்ணெய் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து 'டக் டக்'கென்று அடிக்கும். அதைத் தணிக்க மாமா டிஸ்ரிபியூற்றரை ஒரு மயிரிழை திருப்பிப் பொறியைப் பிந்தவைப்பார். ஒன்றுக்கு இரண்டாகக் கஸ்கெற் போட்டு அழுத்தத்தை இன்னும் குறைப்பதும் உண்டு. ஆனாலும் எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டிக் கீழே வழிந்து இயந்திர எண்ணெயைத் தண்ணீராக்கிவிடும். "எண்ணெயைத் தொட்டுப் பார் தம்பி, ரசம் மாதிரி இருக்கு" என்பார். ஹான்டில் போடும் துவாரமே இல்லாத புதுக் கார்கள் பற்றறி செத்ததும் அப்படியே கிடந்தன.

லெவி ஸ்ட்ராஸ் 1962இல் வெளியிட்ட 'காட்டு மனம்' நூலில் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறவனையும் பொறியியலாளனையும் எதிரெதிரே நிறுத்துகிறார். நம்மவர்கள் சிலர் தடைக்காலத்தை விளக்க இதையே கடன் வாங்குகிறார்கள்: அங்கே கொவென்றியில் பொறியியலாளன், இங்கே வேப்பமரத்தடியில் ஒப்பேற்றுகிறவன். கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் அதே கொவென்றியில், யுத்தத்துக்குப் பிந்திய பிரிட்டனில், பெர்கூசன் டிஈ20 உழவு இயந்திரத்தின் ஒரு வகை மண்ணெண்ணெய்க்கு நெருக்கமான மலிவான எரிபொருளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. பெற்றோலில் தொடக்கு, சூடேறியதும் மற்றதற்கு மாற்று, நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு வா. இது கம்பெனி சொல்லிக்கொடுத்த முறை. மாமா செய்ததும் ஏறக்குறைய அதுதான். நிறுத்தும்போது விடப் பெற்றோல் இல்லாததால் கபிறேற்றரின் கிண்ணத்தை வடித்துவிடுவார், அவ்வளவே வித்தியாசம். பொறியியலாளன் என்பதே ஒப்பேற்றுகிறவன் கட்டிய புனைவு என்று 1966இல் தெரிதா சொன்னதை நான் பல்கலைக்கழகத்தில் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். விளங்கியது பின்னாளில், ஒரு பழைய உழவு இயந்திரக் கையேட்டைப் புரட்டியபோதுதான். அங்கே 'வடிவமைப்பு' எனப்படுவது இங்கே 'சமாளிப்பு' ஆகிறது. பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு வீரகதையாகிவிடும். என் மாமி நிறுத்தவிடமாட்டார்.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. ஒரு கரண்டி எண்ணெயை வைத்து ஓர் இரவை ஓட்டிய வீடுகளில் ஒரு கார் எத்தனை இரவுகளைக் குடித்திருக்கும்? "காருக்கு ஊத்த எண்ணெய் இருக்கு, பிள்ளையளுக்கு நாலெழுத்து பார்க்க இல்லை" என்று மாமி அடுப்படியிலிருந்து சொல்வது வேப்பமரம் வரை கேட்கும். மாமா பதில் சொல்லமாட்டார். பதில் இல்லாமலில்லை. பிள்ளைப்பேற்று வலியோடும் ஷெல் காயத்தோடும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பின் சீற்றில்தான் போனார்கள். அதேவேளை, காசுள்ளவர்களின் கலியாண வீடுகளுக்கும் அதே கார்தான் போனது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. தோழர்களோடு பாதி உடன்படுகிறேன் என்று சொன்னது இதனால்தான். வேப்பமரத்தடியின் அறிவு ஆண்களிடையே கைமாறியது; அந்த அறிவுக்கான எண்ணெய் அடுப்படியிலிருந்தே போயிற்று.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது அம்மம்மாவை ஏற்றிக்கொண்டு ஏ40 கிளம்பியது. செம்மணி வெளியில் சனத்துக்குள் சிக்கி, நடப்பவர்களைவிட மெதுவாக ஊர்ந்தது. அடிக்கடி நின்று சூடு குறைந்ததால் மண்ணெண்ணெய் பற்ற மறுத்தது. கைவசமிருந்த போத்தல் பெற்றோல் நாவற்குழிப் பாலத்துக்கு முன்னரே தீர்ந்தது. பிறகு தள்ளினோம். தள்ளியவர்களில் பாதிப்பேர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது.

இப்போது அந்தக் கார்களுக்கு ஒரு மறுபிறப்பு. குரோமியம் மினுக்கி, பூமாலை போட்டு, கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் படம் எடுக்கிறார்கள். ஆர்வலர்கள் அசல் உதிரிப்பாகம் தேடி அலைகிறார்கள். மாமா போட்ட இரட்டைக் கஸ்கெற்றும் சேலைன் குழாயும் அவர்களுக்கு 'பழுது'. கழற்றி எறிந்துவிட்டு 1953க்குத் திருப்பிவிடுகிறார்கள். அசலாக்குதல் என்ற பெயரில் அழிவது 1990க்கும் 95க்கும் இடைப்பட்ட அடையாளங்கள்.

2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது இளம் பொடியன் ஒருவன் மாமாவைத் தேடி வந்தான். "ஐயா, அந்த மண்ணெண்ணெய் விளையாட்டைச் சொல்லித் தாங்கோ." மாமாவுக்கு எண்பது நெருங்குகிறது. அவனுடைய காரின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் கணினி. மூடிவிட்டார். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மீனவர்கள் படகுகளைக் கரையில் இழுத்துவிட்டிருந்தார்கள். மாமி உள்ளே இருந்து, "அவனுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்புங்கோ" என்றார்.