ஊதியத்தைத் துறந்தவர் நாற்காலியைத் துறந்தாரா?

வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் 1916இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றார். அப்போது அவருக்கு வயது 55. அன்றைய அரசுப் பணியின் எல்லை அதுவே. மனித ஆற்றலை அளந்து எவரும் அந்த எல்லையை வகுக்கவில்லை. அது நிர்வாகத்தின் வசதி. சுதந்திரத்திற்குப் பின் நடுவண் அரசுப் பணியில் அது 1962இல் 58 ஆகவும், 1998இல் 60 ஆகவும் நகர்ந்தது. 1983இல் ஆந்திர அரசோ 58ஐ மீண்டும் 55க்கு இறக்கிப் பெரும் கொந்தளிப்பைச் சந்தித்தது.

ராய் ஓய்ந்து அமரவில்லை. தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகியோரின் கொடையைக் கொண்டு ஆசுதோஷ் முகர்ஜி 1914இல் நிறுவிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் முதல் பாலித் வேதியியல் பேராசிரியராகச் சேர்ந்தார். 1921இல் 60 வயது நிறைந்தபோது, அதன்பின் தமக்கு வரவேண்டிய ஊதியம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கும் ஆய்வு உதவித்தொகைகளுக்கும் முன்கூட்டியே எழுதிக்கொடுத்தார். அதன்பின் 15 ஆண்டுகள் ஊதியத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ளாமலே பணியாற்றினார். 1922இல் வட வங்கத்தை வெள்ளம் சூழ்ந்தபோது நிவாரணப் பணியை முன்னின்று நடத்தியதும், 1924இல் இந்திய வேதியியல் கழகத்தின் முதல் தலைவரானதும், தன்வரலாற்றை எழுதியதும் இந்த ஆண்டுகளில்தான்.

இந்தத் துறவைப் போற்றாத வாழ்க்கை வரலாறு அரிது. போற்றத்தக்கதே. ஆயினும் அவ்வரலாறுகள் எழுப்பாத வினா ஒன்று உண்டு: ஊதியத்தைத் துறந்த ராய் நாற்காலியைத் துறக்கவில்லையே? பாலித் பேராசிரியர் பதவி 1936 வரை, அதாவது 20 ஆண்டுகள், அவரிடமே இருந்தது. அவ்விடத்தை எதிர்நோக்கியிருந்த இளைஞர் எவரேனும் இருந்திருந்தால் அவருக்கு இந்தத் தியாகத்தால் என்ன பயன்?

அன்றைய சூழலைப் பார்த்தால் இக்குற்றச்சாட்டின் கூர்மை சற்றுக் குறைகிறது. புதிய பல்கலைக்கழகங்கள் திறந்துகொண்டிருந்த காலம் அது. ராயின் மாணவர் நீல்ரத்தன் தர் அலகாபாத்திலும், ஞான் சந்திர கோஷ் டாக்காவிலும் துறைகளை உருவாக்கினர். ஆசான் இடத்தைக் காலிசெய்யாமலே மாணவருக்கு இடம் கிடைத்தது. தொகுப்பூதியத்திலும் கௌரவ விரிவுரையாளர் பணியிலும் ஆண்டுகளைக் கழிக்கும் இன்றைய ஆய்வாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே ராயை முன்னுதாரணமாகக் காட்டிப் பணி நீட்டிப்புக் கேட்கும் மூத்தவர்கள், அவர் விட்டுக்கொடுத்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் கருத்து. (குடும்பமின்றிக் கல்லூரி அறையிலேயே வாழ்ந்தவருக்கு அது எளிது என்று எவரும் மறுக்கலாம், அம்மறுப்பில் நியாயமும் உண்டு.)

வேறொரு வழியும் இருந்தது. வரலாற்றாசிரியர் ஜாதுநாத் சர்க்காரின் துணைவேந்தர் பதவிக்காலம் 1928இல் முடிந்தது. முகலாயப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய அவரது நான்கு தொகுதிகளும் அதன் பின்னரே, 1932 முதல் 1950 வரை வெளிவந்தன. கடைசித் தொகுதியின்போது அவருக்கு வயது ஏறத்தாழ 80. அந்த உழைப்புக்குத் துறையில் எவருடைய இடமும் தேவைப்படவில்லை.

1936இல், 75ஆம் வயதில், ராய் பதவியிலிருந்து விலகினார். பல்கலைக்கழகம் அவரைத் தகைசால் பேராசிரியராக்கியது. அறிவியல் கல்லூரியின் அந்த அறையை விட்டு அவர் வெளியேறவில்லை. 1944 ஜூன் 16 அன்று அங்கேயே காலமானார்.